தாரா, கீலா? வெள்ளிக்கிடையில் ஒரு சொல் வேணும்

ச. (பாரிஸ்):
குழுமத்தாருக்கு வணக்கம். இங்கே றோட்டு வேலை செய்கிற எங்கட ஆக்களுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். பழைய றோட்டைச் சுரண்ட முதல் அதில் என்ன கிடக்கிறது என்று பரிசோதிக்க வேண்டும். ஒன்று, 1970 தொடக்கம் 1995 வரை சில மேற்படைகளில் கலந்த கல்நார். இந்தச் சொல் எல்லாருக்கும் விளங்கும், பிரச்சினை இல்லை. மற்றது நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுடும்போது வடிகிற தார். புற்றுநோய் தருவது அது. இப்போது போடுவது பெற்றோலியத்தில் மிஞ்சுகிற பிற்றுமின். எங்கட ஆக்களுக்கோ இரண்டும் தார்தான். "உங்கள் தார் றோட்டில் தார் உள்ளதா?" என்று எப்படி அச்சடிக்கிறது?

மு. (கடலூர்):
அம்மா, 'தார்' ஆங்கிலேயன் விட்டுச் சென்றது. தமிழில் தார் என்றால் மார்பில் அணியும் மாலை. தலைக்குக் கண்ணி, மார்புக்குத் தார். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. நமக்கென்று 'கீல்' இருக்கிறது. பிற்றுமினுக்கு நிலக்கீல், மற்றதற்குக் கரிக்கீல். கீல் என்றால் மூட்டு, பொருத்து. தோணிப் பலகைகளின் பொருத்தில் பூசியதால் பூச்சுக்கும் அதே பெயர் வந்தது என்பது என் துணிபு.

நா. (திருச்சி):
ஐயா, சாலைப் பணியில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன். சைட்டில் போய் 'கீல்' என்றால் கதவுக்கு என்பான், இல்லாவிட்டால் வாதத்துக்குத் தைலம் கேட்பான். வடசொல்லையே எழுத்தை மாற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னார் தொல்காப்பியர். 'தார்' எழுத்துகூட மாற வேண்டாம், அப்படியே தமிழாக உட்கார்ந்துவிட்டது. 'கரித்தார்' போதும். வாழைத்தாரோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மு.:
குலைக்கு 'தாறு', வல்லின றகரம். அது வேறு சொல்.

ச.:
தாறு இருக்கட்டும் ஐயா. வேறொரு வசனம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தாரில் உள்ள நச்சுக்குப் பாடநூல் பெயர் 'பல்வளைய நறுமண ஐதரோக்காபன்'. கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் பழைய கலவையைச் சூடாக்கித் திரும்பப் போடக் கூடாது. அதைத் தமிழில் எழுதினால் "நறுமணம் கூடினால் ஆபத்து" என்று வருகிறது.

வே. (யாழ்ப்பாணம்):
இருபது வருசமாக வகுப்பில் நான் படுகிற பாடு இது. வேதியியலில் அது மணமே இல்லை, வளைய அமைப்பின் பெயர். 'அரோமற்றிக்' என்று விட்டுவிடுங்கள், தங்கச்சி.

நா.:
மணமே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் சார். கரித்தார் உள்ள பழைய துண்டை உடைத்தால் பாச்சை உருண்டை வாடை வரும். நாப்தலீன் அதில்தானே இருக்கிறது.

ச.:
உண்மை அண்ணா. ஆனால் மணந்து பார்க்கச் சொல்லி எழுத ஏலாது. துளை போட்டு எடுத்த உருளையில் வெள்ளை மை விசிறுவார்கள். கரித்தார் இருந்தால் அந்தப் படைக்கு நேரே மை மஞ்சளாகி மண்ணிறமாகும், மற்றப் படைகளில் வெள்ளையாகவே நிற்கும். அந்த உருளைக்கும் சொல் வேணும். பிரெஞ்சில் 'கரோத்', கரட் கிழங்கு என்றே பெயர். எங்கட பெடியளும் "கரட் எடுத்தாச்சோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

வே.:
'துளைமாதிரி'?

மு.:
வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், படை படையாகத் தெரியும். 'தண்டு'. 'சாலைத்தண்டு'.

நா.:
முதன்முறையாக ஐயாவோடு உடன்படுகிறேன். வாழைத்தண்டில் படை வளையமாக வரும், ரோட்டில் அடுக்காக வரும், பரவாயில்லை.

வே.:
ஒரு இடையூறு. கல்நாரை எல்லாருமே தாண்டிப் போய்விட்டீர்கள். றோட்டில் காணும் நார் எல்லாம் ஆலையில் கலந்தது அல்ல. சில மலைக்கல்லிலேயே அக்டினோலைட்டு என்ற கனிமம் உண்டு. கல் உடையும்போது நார் போன்ற சிராய் வரும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கீழேயே இரண்டையும் பிரிப்பது கடினம். 'இட்ட கல்நார்', 'இயல்புக் கல்நார்' என்று பிரிப்போமா?

ச.:
ஐயோ, அது அடுத்த துண்டறிக்கைக்கு. இன்று வியாழன். எண்ணிப் பார்த்தேன்: கரித்தாருக்கு ஐந்து பேர், கரிக்கீலுக்கு இரண்டு பேர், "ஏதாவது போட்டு முடியுங்கோ" என்று ஒருவர். கரித்தாரையே போடுகிறேன். பிற்றுமின் பிற்றுமினாகவே நிற்கட்டும். உருளைக்குத் 'தண்டு'. படத்துக்குக் கீழே மட்டும் கரட் என்றும் போட்டிருக்கிறேன், மன்னியுங்கோ. அச்சுப் பிரதி இணைப்பில்.

மு.:
பார்த்தேன். கரித்தாரில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் பக்கத் தலைப்பில் 'கரிதார்' என்று விழுந்திருக்கிறது. ஒற்று மிக வேண்டும்.