மாலையானால் மக்கர் செய்யும் ஸ்மார்ட் விளக்குகள்: புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். குடும்பத்தோடு வெளிநாடு வந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். விளக்குகள், கதவு சென்சார், ஸ்மார்ட் பிளக் எல்லாமே ஜிக்பீ என்ற கம்பியில்லா வகை. பகலில் ஒழுங்காக இருப்பவை மாலையானால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த, இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா வகைச் சுவிட்சுகளோ ஹப்பில் (எல்லாவற்றையும் இணைத்து இயக்கும் மையக் கருவியில்) சேரவே மாட்டேன் என்கின்றன. ஹப்பையே மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, ஹப்பை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையுமே வாங்க வேண்டாம். நீங்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருப்பவை இரண்டு வேறு சிக்கல்கள்.

இசட்-வேவ் கதை சுருக்கமானது. அது நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் இயங்குகிறது. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஐரோப்பாவில் 868, அமெரிக்காவிலும் கனடாவிலும் 908, ஆஸ்திரேலியாவில் 921. உங்கள் சுவிட்ச் பேசுவது ஹப்பின் காதிலேயே விழாது. போதாக்குறைக்கு, ஒரு நாட்டில் அனுமதிக்கப்படாத அலைவரிசையில் சாதனத்தை இயக்குவது சட்டப்படியும் தவறு. அவற்றைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். ஜிக்பீக்கு இந்தத் தொல்லை இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் எங்கும் ஒன்றுதான். ஆனால் 230 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருக்கும் பிளக்கை 120 வோல்ட் நாட்டில் மாட்டிவிட்டு, அலைக் குறுக்கீடு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இனி மாலைநேரச் சிக்கல். வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. எல்லோரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்க உட்காரும் நேரத்தில், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் இயங்கத் தொடங்குகின்றன. அந்த நெரிசலில் மிகக் குறைந்த சக்தியில் அனுப்பும் ஜிக்பீ அடிபட்டுப் போகிறது. தனி வீட்டில் இருந்தவருக்கு இது தெரியாது. மேலும் கீழும் இருபுறமும் ரவுட்டர் உள்ள குடியிருப்புக்கு வந்ததும்தான் தெரியும்.

வைஃபை, ஜிக்பீ இரண்டுக்கும் சேனல் எண்கள், அதாவது அலைப்பரப்பைப் பிரித்த பாதைகளின் எண்கள், உண்டு, ஆனால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வைஃபையின் 11ஆம் சேனலும் ஜிக்பீயின் 11ஆம் சேனலும் வேறு வேறு இடங்கள். ஜிக்பீ 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ், அங்கே போய் விழுவது வைஃபை 1. அதன் பிறகு ஒவ்வொரு ஜிக்பீ சேனலுக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் கூட்டிக்கொண்டே போனால் 26ஆம் சேனல் 2480இல் முடியும். வைஃபை 1, 6, 11 ஆகிய மூன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தால், ஜிக்பீயின் 15, 20, 25, 26 ஆகியவை இடைவெளியில் தப்பிக்கின்றன.

ஆகவே ரவுட்டரின் அமைப்புகளில் 2.4 பகுதிக்குப் போய், தானியங்கிச் சேனல் தேர்வை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை ரவுட்டர் தன் விருப்பப்படி இடம் மாறும், நீங்களும் அதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். சேனல் 1 என்று நிலையாக வையுங்கள். அகலம் 40 என்றிருந்தால் 20 ஆக்குங்கள். 40 வைப்பது பாதி அலைப்பரப்பை ஒரே ஆள் வளைத்துப்போடுவது. தொலைக்காட்சி, மடிக்கணினி, கைபேசி மூன்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ஜிக்பீயை 25க்குக் கொண்டுபோங்கள். 26 பல சாதனங்களில் சக்தி குறைத்தே வரும், நான் அதைத் தொடுவதில்லை. ஒன்று கவனம்: வட அமெரிக்காவில் வைஃபை பெரும்பாலும் 11உடன் நின்றுவிடும். ஐரோப்பாவில் 13 வரை உண்டு, அண்டைவீட்டார் 13இல் இருந்தால் உங்கள் 25 மாட்டிக்கொள்ளும். அங்கே 15 அல்லது 20ஐப் பாருங்கள். 15க்குப் போனால் உங்கள் வைஃபை 1இல் இல்லாமல் 11இல் இருப்பது நல்லது. சில ஹப்களில் சேனலை மாற்றினால் எல்லாச் சாதனங்களையும் மறுபடி இணைக்க வேண்டிவரும் என்பதால் விடுமுறை நாளில் செய்யுங்கள்.

ஹப் எதில் இயங்குகிறது? சிறு கணினியில் செருகிய யுஎஸ்பி டாங்கிளா (ஜிக்பீ அலையை வாங்கி அனுப்பும் சிறு குச்சி)?

கேள்வி கேட்டவர்: ஆமாம் அண்ணா. சிறு கணினியின் பின்புறம் டாங்கிள் இருக்கிறது. பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க். இரண்டும் ரவுட்டருக்கு மேலேயே இருக்கின்றன.

பதில்: சேனலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைச் சரிசெய்யுங்கள். யுஎஸ்பி 3.0 துளையும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் டாங்கிளின் காது அடைத்துப் போகிறது. டாங்கிளை யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அதுவும் நேரடியாக அல்ல: ஒரு மீட்டராவது நீளமுள்ள நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, ரவுட்டரையும் டிஸ்க்கையும் விட்டுத் தள்ளி, உலோக அலமாரிக்கு வெளியே வையுங்கள். இத்தனை தொல்லைக்கும் ஒரு கேபிளா என்று நம்ப மாட்டீர்கள். செயலியில் இணைப்புத் தரத்தின் எண் தெரியும். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் குறித்து வைத்துப் பாருங்கள்.

மைக்ரோவேவ் அவனும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதுதான். ஆனால் அதன் தொல்லை அது ஓடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசி 1.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, அதன் மேல் பழி போட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: கேபிள் போட்டதும் விளக்குகள் சரியாகிவிட்டன அண்ணா, நன்றி. கூடத்து விளக்கைச் சுவரில் அணைத்தால் மட்டும் வாசல் சென்சார் காணாமல் போகிறது.

பதில்: அது குறுக்கீடே அல்ல. நேரடி மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ சாதனங்கள் பெரும்பாலும் மற்றவற்றின் செய்தியையும் வாங்கிக் கடத்துகின்றன. உங்கள் வாசல் சென்சார் கூடத்து விளக்கு வழியாகத்தான் ஹப்பை அடைகிறது. சுவரில் அணைத்தால் பாதை அறுந்துவிடுகிறது. வாசலுக்கும் ஹப்புக்கும் நடுவில், யாரும் அணைக்காத ஓர் இடத்தில், கையிலிருக்கும் ஸ்மார்ட் பிளக்கை மாட்டுங்கள். பிறகு சென்சாரைக் கழற்றி ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுவராமல், வாசலில் இருக்கும் நிலையிலேயே மறுபடி இணையுங்கள். அப்போதுதான் அது அந்தப் பிளக்கைப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.