இருட்டினால் மறையும் படம்: கேமராவை மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்

வீட்டுக் கண்காணிப்புக் கேமரா கெட்டுவிட்டது, புதிது வாங்கப் போகிறேன் என்று சொல்பவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, உண்மையாகவே கெட்டுப்போன கேமராக்கள் குறைவு. கம்பியிலோ அடாப்டரிலோ அமைப்பிலோ குறை இருக்க, பழி மட்டும் கேமராவின் மேல் விழுகிறது.

என் மாமனார் வீட்டில் நான்கு கேமராக்கள். பின்வாசலைப் பார்க்கும் ஒன்று பகல் முழுவதும் பளிச்சென்று தெரியும். பொழுது சாய்ந்ததும் படம் போய், திரையில் 'வீடியோ இழப்பு' என்று வரும். கொஞ்ச நேரத்தில் படம் திரும்பும், மறுபடி போகும். விடியும்வரை இதே கதைதான். பொருத்தியவர் வந்து பார்த்தது பகலில். உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது, கேமராவையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாரும் அதற்குத் தயாராகிவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இருட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால், இருட்டில் மட்டும் கேமரா செய்யும் வேலை எது என்றுதான் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்ததும் லென்சைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்குகின்றன. அப்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் சட்டென்று கூடுகிறது. கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், அந்தக் கூடுதல் மின்னோட்டம் ஓடும்போது வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவின் மின்செருகியைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் எப்போதும் 12 வோல்ட் என்றே காட்டும். சுமை இல்லாத கம்பியில் இழப்பும் இருக்காது. மின்செருகி செருகியபடியே இருக்க, திருகு முனைகளில் மீட்டரின் ஊசிகளை வைத்தேன். 11 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. பிறகு உள்ளங்கையால் கேமராவின் முகத்தை மூடினேன். உள்ளே பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி 'டிக்' என்று நகர்ந்தது. விரலிடுக்கில் எல்இடிகள் மங்கிய சிவப்பாகத் தெரிந்தன. மீட்டரில் எண் 9க்குக் கீழே சரிந்தது, எல்இடிகள் அணைந்தன, எண் திரும்ப ஏறியது. இரவெல்லாம் நடந்தது பட்டப்பகலில் என் கைக்குள்ளேயே நடந்தது.

அந்தக் கேபிளுக்குள் இரண்டு ஜோடிக் கம்பிகள் எதற்கும் பயன்படாமல் கிடந்தன. அவற்றையும் இரு முனைகளிலும் மின்சாரக் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். கம்பியின் தடிமன் கூடினால் தடை குறையும், அவ்வளவுதான் கணக்கு. கேமரா அன்றிரவிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. முனையைச் சுரண்டிப் பார்த்தபோது செம்பு மேல்பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அலுமினியத்தின் தடை செம்பைவிட அதிகம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ கேமராவை யோசிக்கலாம். சுமார் 48 வோல்ட்டில் அனுப்புவதால் வழி இழப்பு அவ்வளவாக உறுத்தாது. 2003இல் வந்த அதன் முதல் தரநிலை, மின்சாரம் அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் முனையில் 15.4 வாட் என்றும், கேமராவுக்குக் கிடைப்பது 12.95 வாட் என்றும் வகுத்திருக்கிறது. நடுவில் உள்ள வித்தியாசம் 100 மீட்டர் கேபிளின் இழப்புக்காக முன்கூட்டியே ஒதுக்கியது.

பதில்

அருமையாக விளக்கினீர்கள். என் தங்கை வீட்டுப் பிரச்சினை கம்பியில் இல்லை, கடவுச்சொல்லில் இருந்தது. கேமராக்களின் கடவுச்சொல்லை அவள் மாற்றியிருந்தாள். அது மிகச் சரியான காரியம். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்துதான் அத்தனை பெரிய தாக்குதல்களை நடத்தியது.

மாற்றிய பிறகு ஒரு கேமராவும் தெரியவில்லை. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் 'கணக்கு பூட்டப்பட்டுள்ளது' என்று வந்தது. நடந்தது இதுதான்: பதிவுப் பெட்டியான என்விஆருக்குள் பழைய கடவுச்சொல் அப்படியே இருந்தது. அது விடாமல் பழையதைக் கொடுத்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள் என்று கேமரா எண்ணிப் பூட்டிக்கொண்டது. பூட்டு விலகும் நேரத்தில் என்விஆர் மறுபடி தட்டும். என்விஆரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதில் புதிய கடவுச்சொல்லைப் பதிந்து, கேமராக்களை ஒருமுறை அணைத்துப் போட்டோம். பிறகு கேபிளைச் செருகியதும் எல்லாப் படங்களும் வந்தன.

அப்படியும் ஒரு கேமரா மட்டும் வராவிட்டால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். வேறு வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும் ஆன்விஃப் முறையில், உள்நுழையும் கோரிக்கையோடு நேரமும் சேர்ந்து போகிறது. இரண்டின் கடிகாரமும் வெகுவாக விலகியிருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் நிராகரிக்கப்படலாம்.

பதில்

எங்கள் வீட்டில் ஏதோ அசைகிறது என்று கேமரா இரவெல்லாம் எச்சரிக்கை மணி அடிக்கும். திரையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஆடும். லென்சுக்கு முன்னால் சிலந்தி வலை. அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்புவதால் ஒற்றை இழைகூடக் கயிறு மாதிரி தெரிகிறது. துடைத்ததும் சரியாயிற்று. அடிக்கடி துடைக்க வேண்டும்.

பதில்

கணினியில் பார்ப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கைபேசிச் செயலியில் படம் நன்றாக வருகிறது, கணினியில் மட்டும் கறுப்பு என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் அதே நிலைதான் இருந்தது. பெரும்பாலும் இதற்குக் காரணம் எச்.265 என்ற சுருக்கமுறை. படத்தை நன்றாகச் சுருக்கும், ஆனால் விரித்துக் காட்ட வலுவான கருவி வேண்டும். பழைய கணினிகளும் சில உலாவிகளும் தடுமாறும். கேமரா குறைந்த தரத்தில் தனியாக அனுப்பும் துணை ஓடையை மட்டும் எச்.264 என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டு, கணினியில் அந்த ஓடையைப் பாருங்கள். பதிவாகும் முதன்மை ஓடை எச்.265இலேயே இருக்கலாம்.

குறை எந்தப் பக்கம் என்று பிரித்தறிய, வீடியோ பார்க்கும் விஎல்சி மென்பொருள் உதவும். அதில் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியை, அதாவது நேரலைப் படத்துக்கான முகவரியை, கொடுத்துத் திறங்கள். வழக்கமான போர்ட் (நெட்வொர்க் வாசல்) எண் 554. அங்கே படம் வந்தால் கேமராவும் நெட்வொர்க்கும் நலம், பார்வை மென்பொருளில்தான் கோளாறு. அங்கும் வராவிட்டால் மென்பொருளை நீக்கி நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உலாவி 'பிளகின்' என்ற துணை நிரலை நிறுவச் சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தப் பதிவுப் பெட்டி பழைய காலத்தது. குரோம் அவ்வகைப் பிளகின்களை 2015இல் கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கும் 2022 ஜூனில் விடை கொடுத்துவிட்டார்கள். எட்ஜ் உலாவியில் உள்ள ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்புளோரர்) பயன்முறையில் திறந்தால் பல பெட்டிகள் இன்னும் வேலை செய்கின்றன.

பதில்

நண்பர்களே, ஒரு கேள்வி. வீட்டு வைஃபையில் இருக்கும்போது எல்லாம் தெரிகிறது. வெளியே போனால் ஒன்றுமே வருவதில்லை. ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டேன், பயனில்லை.

பதில்

மாமனார் வீட்டுக் கதையை எழுதியவன்தான். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிப்புற ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டை எட்டாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைக்கும் முறைக்கு மாறலாம். உண்மையில் கேமராவுக்குப் போர்ட் திறந்துவைப்பதே எனக்குப் பிடிக்காது. மிராய் போன்றவை தேடி அலைவது அப்படித் திறந்த வாசல்களைத்தான். மூடிவிடுங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும். நேரலையில் படம் தெரிகிறது என்பதால் பதிவும் ஆகிறது என்று நம்பிவிடாதீர்கள். தெரிந்தவர் வீட்டில் வண்டி திருடு போனபோது பெட்டியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்திருந்தது. அந்த மனிதர் திரையையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டிஸ்க் நன்றாக இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிகாபைட் நிரப்பும். நான்கு கேமரா என்றால் 1 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூட வராது. பழைய பதிவுகள் தானாக அழிந்து அவற்றின் மேல் புதியவை ஏறும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவருக்கு, கிளம்பிய அன்று நடந்தது கிடைக்காது. இன்று மாலையே பெட்டியில் நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்து, நள்ளிரவுப் பதிவு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகு, கிடைக்கிற மிகப் பழைய தேதி எது என்றும் பார்த்துக் குறித்துவையுங்கள்.