அராஜகம் வேண்டாம், கோலின்மை?

அன்புள்ள குழுவினருக்கு,

பன்னாட்டு உறவுத் துறையின் anarchy என்ற சொல்லைத் தமிழாக்குவது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'அராஜகம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வழக்கில் இருப்பதுதான் தொல்லை. வடமொழிப் பிறப்பைப் பார்த்தால் குறையே இல்லை. அரசன் இல்லாத நிலை என்றே பொருள். ஆனால் நாளிதழ் படிப்பவர் காதில் அராஜகம் என்றால் அடிதடி, அட்டூழியம். பன்னாட்டு உறவுத் துறையில் கென்னத் வால்ட்ஸ் 1979-இல் சொன்னது அதுவன்று. அரசுகளுக்கு மேலே இன்னோர் அரசு இல்லை, அவ்வளவே. அந்த நிலையில் நீண்ட அமைதியும் நிலவலாம்.

1992-இல் அலெக்சாண்டர் வெண்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழாக்கிப் பாருங்கள். "அராஜகம் என்பது அரசுகள் ஆக்கிக்கொள்வதே." அடக்குமுறையைக் கண்டிக்கும் துண்டறிக்கை போல இருக்கிறது! ஹெட்லி புல் பாடு இன்னும் மோசம். ஆள்வோர் இல்லாமலேயே அரசுகள் பொது விதிகளுக்கும் தூதாண்மை மரபுக்கும் கட்டுப்பட்டு ஒரு சமூகமாக வாழ்கின்றன என்று 1977-இல் வாதிட்டவர் அவர். அவர் நூலின் தலைப்பை 'அராஜகச் சமூகம்' என்று தமிழாக்கினால் ரவுடிக் கூட்டம் அல்லவா கண்முன் வருகிறது?

> அப்படியானால் தலைமையின்மை? அரசின்மை?

தலைமையின்மையை வேறொருவருக்கு விட்டுவைக்க வேண்டும். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் அவ்வளவு நீண்டதற்குத் தலைமை தாங்க ஒரு வல்லரசு முன்வராததே காரணம் என்று 1973-இல் எழுதிய சார்லஸ் கிண்டில்பெர்கருக்கு அது அப்படியே பொருந்தும். அரசின்மை, அரசே வேண்டாம் என்ற பக்கூனின் வழிக் கொள்கைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஒப்பீட்டு அரசியல் படிப்பவர்களோ அதைக் கேட்டதும் 1991-க்குப் பிந்தைய சோமாலியாவை நினைப்பார்கள். அங்கே குலைந்தது உள்ளிருந்த அரசு.

நான் முன்வைப்பது 'கோலின்மை'. செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற குறள் அதிகாரத் தலைப்புகளில் ஒளிந்திருப்பது கோன் அன்று, கோல். மகரத்தின் முன் லகரம் னகரமாகத் திரிந்திருக்கிறது. (நானே பல ஆண்டுகள் கோன் என்றுதான் நினைத்திருந்தேன்.) கோல், ஆணையைச் செயல்படுத்தும் உரிமையின் அடையாளம். நிகரகுவா தொடுத்த வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 1986-இல் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குக் கட்டுப்படக் கோரிய தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்காவே வீட்டோவால் வீழ்த்தியது. நீதிமன்றம் இருந்தது, தீர்ப்பும் இருந்தது, கோல்தான் இல்லை. முறை இருந்ததே, எனவே 'முறையின்மை' என்ற இன்னொரு பரிந்துரையும் இங்கே அடிபட்டுப் போகிறது.

கால்பந்து ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை என்று படிப்பார்களே என்ற கேலி வரும் என்று தெரியும். முதல் பத்தியில் ஒருமுறை விளக்கினால் தீர்ந்துவிடும்.

தீராதது இணைச்சொல். anarchy-க்கு எதிர்நிலையாக வால்ட்ஸ் வைக்கும் hierarchy-க்குக் 'கோலுடைமை' அழகாக ஒட்டுகிறது. ஆனால் டேவிட் லேக் 2009-இல் அதே ஆங்கிலச் சொல்லை, ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொஞ்சமோ நிறையவோ கட்டுப்படும் நிலைக்கு எடுத்தாள்கிறார். அங்கே 'படிநிலை'தான் பொருந்தும். ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொற்கள் வைக்கலாமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.