கழிமுகப் பாதையில் கோடைப் பறவைகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

சேற்றுக்கால்:
இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். ஆலா, அதாவது மீன் பிடிக்கிற கடற்பறவை, மீனோடு வரும் பக்கம் வெளிச்சம் சரியில்லை என்று பாதையை விட்டு மணலில் இறங்கினேன். பத்தடிகூட இருக்காது. உடனே உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவை ஒன்று, சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. முட்டைப் பக்கம் போகாமல் நம்மை இழுத்துப்போகிற நடிப்புதான், நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேமரா கையில் இருந்தால் புத்தி எங்கோ போய்விடுகிறது. படுத்துக்கொண்டு படமாகத் தட்டித் தள்ளினேன். கடைசியில் அது என்னைச் சுற்றிக்கொண்டு, நான் நடந்து வந்த பக்கமே போய் நின்றது. அதையும் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் என் செருப்புத் தடம். அதிலிருந்து நாலு விரல் தள்ளி மூன்று முட்டை, கிளிஞ்சல் தூளுக்குள் கூழாங்கல் போல. அந்தப் படத்தை அழிக்கவும் மனமில்லை, யாருக்கும் காட்டவும் மனமில்லை.

நாணல்:
மிதிக்கவில்லை என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். நீங்கள் படுத்திருந்த நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடந்திருக்கிறது. ஒரு ஆள்காட்டிக் குருவி திரும்பத் திரும்ப ஓடைக்குப் போய் வயிற்றை நனைப்பதைப் பார்த்தேன். குளிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைமேல் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அடுத்த தடவை அது கிளம்பியபோது ஒரு நாய் வந்தது. ஆள்காட்டி ஓடைக்குப் போகாமல் நாயின் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

கண்டல்:
எனக்கு நெட்டைக்கால் பறவையான பவளக்காலியின் குஞ்சு. பஞ்சுருண்டைக்குக் கீழே இரண்டு குச்சி, அவ்வளவுதான். சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தது. சரி, புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம். வெயில் ஏறிவிட்டால் சேற்றின் மேல் காற்று நெளியும். எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரிதான் படத்தில் விழும். அது லென்ஸ் கோளாறு இல்லை, சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆலா பாய்வதற்கு முன் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அங்கேயே ஃபோகஸ் பிடித்துவிட வேண்டும். ஷட்டர் வேகம் 1/2000 நொடியை விட மெதுவாக வேண்டாம். ஆலாவின் வெள்ளை வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். ஓத நேரத்தையும், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தையும், பார்த்துக்கொண்டு போங்கள்: தண்ணீர் ஏற ஏற, சேற்றில் மேய்கிற பறவைகள் கரைப்பக்கம் தள்ளப்பட்டுத் தானாகவே கிட்டே வரும். நாம் நகரவே வேண்டாம்.

நாணல்:
கிட்டே வரும், சரி. ஆனால் ஓதம் ஏறும்போது அவற்றுக்கு நிற்க மிச்சமிருப்பதே அந்தக் கரைதான். அங்கே நீங்கள் கேமரா முக்காலியோடு நின்றால் அவை எங்கே போகும்?

கண்டல்:
நான் மறைவில் உட்காருகிறவன். தெரியாமல் பேசாதீர்கள்.

சேற்றுக்கால்:
ஷட்டர் வேகம் நான் கேட்கவில்லை ஐயா. மறுநாள் போனேன், பாதையை விட்டு இறங்கவில்லை. பைனாகுலரில் முட்டை இருந்த அதே மணலில் ஒரு உப்புக்கொத்தியின் தலை தெரிந்தது. அடைகாத்ததா, சும்மா நின்றதா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. திரும்பி வந்துவிட்டேன்.