மனையை மேடாக்கும்போது இலுப்பையை என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் பத்து சென்ட் மனை. கொல்லையில் பெரிய இலுப்பை, வேலியோரம் மூன்று பூவரசு. வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் இடம் என்பதால் மனை முழுவதும் மூன்றடி மண் அடிக்க வேண்டுமாம். இலுப்பையை இழக்க அம்மாவுக்கு மனமில்லை. வெட்டாமல் சுற்றி மண் அடித்தால் போதுமா?

கொத்துக்கரண்டி:
எடுத்துவிடுங்கள். இருபது வருடமாக வீடு கட்டுகிறேன். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சி அஸ்திவாரத்தை இறக்கிவிடும். விரிசலுக்குப் பதில் சொல்வது நான், மரமில்லை. 2018 கஜா புயலில் மரம் விழுந்து நொறுங்கிய கூரைகளையும் பார்த்தவன்.

முத்துப்பேட்டைக்காரன்:
கஜாவில் எங்கள் தெருவில் முதலில் சாய்ந்தது, மதில் கட்டுவதற்காக ஒரு பக்கத்து வேரை நறுக்கியிருந்த வேம்பு. வேரை அறுத்தது யார் ஐயா?

கேள்விக்கு வருகிறேன். சுற்றி மண் அடித்தாலும் மரம் சாகும். தீனி தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன; அவற்றுக்குக் காற்று வேண்டும். என் அண்ணன் வீட்டு வேம்புக்கு மூன்றடி மண் அடித்தார்கள். மறு வருடம் நுனிக்கிளைகள் மொட்டையாயின, அதற்கடுத்த வருடம் பட்டை உரிந்து விறகாயிற்று. "நாங்கள் வெட்டவே இல்லையே" என்றார்கள். தென்னைக்கு மண் அணைத்தால் தூரில் புதுவேர் விடும். இலுப்பைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கொத்துக்கரண்டி:
மண் அடிக்காமல் விட்டால் கொல்லையில் முழங்கால் தண்ணீர். மரம் பிழைக்கும், அவர் அம்மா மழையில் எங்கே துணி உலர்த்துவார்?

முத்துப்பேட்டைக்காரன்:
பழைய ஓட்டு வீடுகளில் திண்ணைதான் உயரம், கொல்லை பள்ளம். வீட்டுக்கும் நடைபாதைக்கும் மட்டும் மண் அடியுங்கள். தண்ணீரை வாய்க்காலுக்கு வடியவிடுங்கள். இன்னொன்று, பெரிய மரத்தை வெட்டியபின் களிமண் ஈரம் குடித்து உப்பும். அதிலும் தரை தூக்கும்.

கொத்துக்கரண்டி:
அது உண்மைதான், மறுக்கவில்லை. சுவரிலிருந்து எத்தனை அடி?

வெண்ணாற்றங்கரை:
இலுப்பை முப்பதடி. ஒரு பூவரசு எட்டடிதான்.

கொத்துக்கரண்டி:
அந்தப் பூவரசு போகத்தான் வேண்டும். போத்து நட்டால் துளிர்க்கும் மரத்துக்கு அழாதீர்கள். இலுப்பை இருக்கட்டும்.

முத்துப்பேட்டைக்காரன்:
சம்மதம். புதன்கிழமையே, கிளை விரிந்திருக்கும் எல்லை வரை மூங்கில் ஊன்றித் தகரம் கட்டுங்கள். அடிமரத்தை மட்டும் சாக்கால் சுற்றினால் பயனில்லை. ஈரக் களிமண்ணில் பொக்லைன் நாலு முறை போய்வந்தால் மண் இறுகி வேர் மூச்சடைத்துவிடும்.

கொத்துக்கரண்டி:
மனையில் நிழல் அது ஒன்றுதான். என் ஆட்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

முத்துப்பேட்டைக்காரன்:
அங்கேயே சாப்பிடட்டும், தூங்கட்டும். மூட்டை அடுக்குவதும் கலவை போடுவதும் மட்டும் வேண்டாம்.