பத்துப் பவுண்டில் ஆஸ்திரேலியா வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டது தகுமா?

தென்முனை (அடிலெய்ட்) எழுதியது:

குடியேற்ற வரலாறு பற்றிய சென்ற வார உரையாடலில் நண்பர் கொழும்புத்துறை அவர்கள், “வேறு எந்தக் குடியேறிக்கும் கிடைக்காத வசதிகளோடு வந்து இறங்கிய பிரித்தானியர்கள், வந்த இடத்தில் ஓயாமல் குறை சொன்னது நன்றி மறந்த செயல்” என்று எழுதியிருந்தார். அது இன்றும் பலர் நம்புகிற கருத்து என்பதால், அதைத் தனியாக விவாதிக்க விரும்புகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தாக்குதலைச் சந்தித்த ஆஸ்திரேலியா, இவ்வளவு பெரிய நிலப்பரப்பை இவ்வளவு குறைந்த மக்களை வைத்துக்கொண்டு காக்க முடியாது என்ற அச்சத்துக்கு ஆளாகி, 1945இல் குடியேற்றத்துக்கென்றே ஓர் அமைச்சகத்தைத் தொடங்கியது. அதன் முதல் அமைச்சரான ஆர்தர் கால்வெல் காலத்தில் பிரித்தானிய அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1947 முதல் பெரியவர் ஒருவர் பத்துப் பவுண்டு கட்டினால் கப்பல் ஏறலாம் என்றாயிற்று. மீதிச் செலவை அரசுகள் ஏற்றுக்கொண்டன. 1970களின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தார்கள். 1969இல் மட்டும் எண்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இதில் சலுகை இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் ஊர் திரும்பினால் அரசு செலவழித்த பயணத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பும் கப்பலுக்கும் கைக்காசு போட்டாக வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 120 பவுண்டு என்கிறார்கள். பத்துப் பவுண்டில் வந்த ஒரு தொழிலாளிக் குடும்பம், நான்கு பேருக்கு அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டும்? வரும் வழியில் கதவு அகலத் திறந்திருந்தது, போகும் வழியில் அது கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது.

லண்டனில் அவர்களுக்குக் காட்டப்பட்ட விளம்பரங்களில் வெயிலும் கடற்கரையும் சொந்த வீடும் இருந்தன. வந்து இறங்கியவர்களில் பலருக்குக் கிடைத்தது அரசின் குடியேறிகள் விடுதிகளில், போர்க்காலத்து அரைவட்டத் தகரக் கொட்டகையில், மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள். அடிலெய்டில் ஃபின்ஸ்பரி, சிட்னியில் வில்லாவுட், பிரிஸ்பேனில் வாக்கோல், பெர்த்தில் கிரேலண்ட்ஸ் என்று விடுதிக்கு விடுதி பெயர்தான் வேறு. கோடையில் அந்தத் தகரத்தின் கீழ் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. அறையில் சமைக்க அனுமதியில்லை. எல்லோருக்கும் பொதுவான உணவுக்கூடத்தில் மறுபடி மறுபடி ஆட்டிறைச்சி. குளியலறைக்கு வரிசை, துணி துவைக்க வரிசை. சில வாரங்கள் என்று நினைத்து வந்தவர்கள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அங்கே இருந்தார்கள். அதைப் பற்றி வாய் திறந்தவர்களை, எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும் கூட்டம் என்று உள்ளூர்க்காரர்கள் முத்திரை குத்திவிட்டார்கள். அந்த முத்திரையைத்தான் நண்பரும் மீண்டும் குத்துகிறார் என்பது என் வருத்தம்.

கொழும்புத்துறை (மெல்பேண்) எழுதியது:

தென்முனை அவர்கள் விடுதியின் தகரக் கூரையை விவரித்த அளவுக்கு, அதே கூரையின் கீழ் வேறு யார் இருந்தார்கள் என்பதை விவரிக்கவில்லை. போருக்குப் பின் பால்டிக் நாடுகளிலிருந்தும் போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அகதிகளாக வந்தவர்கள், இரண்டு ஆண்டுகள் அரசு சொன்ன இடத்தில் அரசு சொன்ன வேலையைச் செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவுஸ்திரேலியாவுக்குள் நுழைந்தார்கள். அவர்களுள் மருத்துவரும் பொறியியலாளரும் மண்வெட்டி பிடித்தார்கள். கணவன் ஒரு மாநிலத்தில் ரயில் பாதை போட, மனைவியும் பிள்ளைகளும் வேறொரு முகாமில் காத்திருந்தார்கள். பிரித்தானியக் குடியேறிக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. விரும்பிய வேலையைத் தேடலாம், பிடிக்காவிட்டால் மாறலாம், விரும்பிய நகரத்துக்குப் போகலாம்.

சட்டத்தில் அவர்களுக்கிருந்த இடத்தையும் பாருங்கள். பிரித்தானியப் பிரஜை ஆறு மாதம் இங்கே வசித்தால் தேர்தலில் வாக்களிக்கலாம். குடியுரிமை வேண்டுமென்றால் பதிவு செய்துகொண்டாலே போதுமானதாக இருந்தது. குடியுரிமை பெறாமலே காலம் முழுதும் இருந்தவர்களும் உண்டு. 1984 ஜனவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்த பிரித்தானியப் பிரஜைகள், இன்றும் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கிறார்கள். ஐரோப்பியர் அல்லாதவருக்கோ, 1957இல் தளர்த்திய விதியிலும்கூட, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பதினைந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதுவும் முதலில் உள்ளே வர முடிந்தால்தானே.

சூயஸ் வழியாக வந்த குடியேற்றக் கப்பல்கள் ஏடனில் நின்று, கொழும்பில் நின்று, பிறகுதான் மேற்கு அவுஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமாண்டிலை நோக்கிப் போயின. கொழும்புத் துறைமுகத்தில் அந்தப் பயணிகள் இறங்கி ஊர் சுற்றிவிட்டு மீண்டும் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கிய மனிதனும் பிரித்தானியப் பேரரசின் ஆட்சியில் பிறந்தவன்தான். ஆனால் அவன் அந்தக் கப்பலில் குடியேறியாக ஏற முடியாது. அவனுடைய நிறம் அதற்குத் தடையாக இருந்தது. 1966இல் அந்தத் தடை தளர்ந்து, 1973இல்தான் சட்டத்தளவில் முற்றாக நீங்கியது. இந்த வேறுபாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்டிறைச்சியைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருதநிலம் (அடிலெய்ட் வடக்கு) எழுதியது:

நான் இங்கே முதியோர் பராமரிப்பில் தாதியாக வேலை செய்கிறேன். என் பொறுப்பில் இருப்பவர்களுள் கணிசமானோர் எலிசபெத் நகரத்துக்கு அந்தத் திட்டத்தில் வந்த ஆங்கிலேயப் பெண்களும் ஸ்காட்லாந்துப் பெண்களும். எலிசபெத் என்பது தெற்கு ஆஸ்திரேலிய அரசின் வீட்டுவசதி அறக்கட்டளை 1955இல் வெற்று வயல்வெளியில் உருவாக்கிய நகரம். அரசியின் பெயரையே வைத்து, பெரும்பகுதியைப் பிரித்தானியக் குடும்பங்களால் நிரப்பினார்கள். ஆண்களுக்கு ஹோல்டன் கார் ஆலையிலும் சுற்றியிருந்த மற்ற ஆலைகளிலும் வேலை இருந்தது. கணவர் காலையில் போய்விட்டால், மரமே இல்லாத தெருவில், புழுதி அடங்காத வீட்டில், பேச ஆளில்லாமல் அந்தப் பெண் மாலை வரை இருந்திருக்கிறாள்.

இரண்டு தரப்பு வாதங்களிலும் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். பெரும்பாலான வீடுகளில் வர முடிவு செய்தவர் கணவர். தாயையும் சகோதரிகளையும் விட்டுவிட்டு வந்தவர் மனைவி. முதல் பிரசவத்துக்கு உடனிருக்கத் தாய் இல்லை. ஒரு மூதாட்டி இன்னும் தம் அலமாரியில் நீல நிற ஏரோகிராம் கடிதங்களை ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். ஓரங்களில்கூட இடம் விடாமல், காகிதத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிய கடிதங்கள். தொலைபேசி அழைப்பு அன்று அவர்களுக்குக் கட்டுப்படியாகாத செலவு. தம் தாய் இறந்த செய்தி தந்தியாக வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது என்று அவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு, அவருடைய வாக்குரிமை நினைவுக்கு வரவில்லை.

அன்றாட வாழ்க்கையிலும் தெரிந்த மொழியே அவர்களைத் தடுக்கி விழவைத்திருக்கிறது. விருந்துக்கு அழைத்த பக்கத்து வீட்டுக்காரர், வரும்போது ஒரு தட்டு கொண்டுவாருங்கள் என்று சொல்ல, பாவம், அவர்களிடம் தட்டுகள் போதவில்லை போலும் என்று எண்ணி வெறும் தட்டுகளை எடுத்துப் போய் நின்றதாகப் பலர் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பண்டம் சமைத்து எடுத்து வர வேண்டும் என்பதுதான் இங்குள்ள வழக்கம். அந்தப் பெண்களுக்கு அன்று அது அவமானமாகவே இருந்தது. இத்தாலியப் பெண்ணுக்கு ஊர் வழக்கம் தெரியாது என்று எல்லோரும் எதிர்பார்த்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கொழும்புத்துறை எழுதியது:

சகோதரி மருதநிலம் எழுதியதை மதிப்புடன் படித்தேன். தாயின் அடக்கத்துக்குப் போக முடியாத துயரம் எனக்கும் தெரிந்த துயரம். புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் அது பலமுறை நடந்திருக்கிறது. தனிமை உண்மையானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தென்முனை அவர்கள் சொன்ன அடைபட்ட கதவைத்தான் நான் மறுக்கிறேன்.

அந்தத் திட்டத்தில் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஊர் திரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. திரும்பியவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர், பிரித்தானியாவின் குளிரையும் வேலைச் சூழலையும் மறுபடி பார்த்துவிட்டு, இரண்டாம் முறையாக இங்கே வந்தார்கள் என்பதும் தெரிந்த செய்தி. இரண்டு நாடுகளையும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்த குடியேறிகள் வேறு யார்? சோவியத் ஒன்றியம் விழுங்கிக்கொண்ட எஸ்தோனியாவிலிருந்து வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடே மிஞ்சியிருக்கவில்லை.

விடுதிகளில் கட்டணம் உயர்ந்தபோது பிரித்தானியக் குடும்பங்கள் 1950களின் தொடக்கத்தில் வாடகை தர மறுத்துப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் குறை கூறவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ஆனால் அப்படிக் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது? தங்களை யாரும் அந்நியர் என்று சொல்லி நாடு கடத்த மாட்டார்கள் என்ற உறுதியிலிருந்து வந்தது. பிரதமராகவே உயர்ந்த ஜூலியா கில்லார்ட், வேல்ஸிலிருந்து 1966இல் சிறுமியாக இதே திட்டத்தில் அடிலெய்டுக்கு வந்தவர். அவருடைய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே ஆண்டில் அதே வயதுடைய ஒரு யாழ்ப்பாணச் சிறுமியின் குடும்பத்துக்கு அந்தக் கப்பலில் பத்துப் பவுண்டுக்கு இடம் இருந்ததா என்பதே என் கேள்வி.

தென்முனை எழுதியது:

இல்லை, இருந்திருக்காது. நிறம் பார்த்துக் குடியேற்றத்தைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் அநீதியை நான் எந்த இடத்திலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கொள்கையை வகுத்தது கான்பெராவில் இருந்த அரசு. கிளாஸ்கோவின் ஒற்றை அறைக் குடியிருப்பிலிருந்து, குண்டுவீச்சில் இடிந்த லண்டன் தெருவிலிருந்து, ஒரு செய்தித்தாள் விளம்பரத்தை வெட்டி அனுப்பிவிட்டு வந்த தச்சரும் தையல்காரியும் அதை வகுக்கவில்லை. இன்னொருவருக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு தனக்குக் கிடைத்தது என்பதற்காக, தனக்குச் சொல்லப்பட்ட உறுதி நிறைவேறவில்லை என்று ஒருவர் சொல்லக் கூடாதா?

அந்தக் கில்லார்ட் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் நுரையீரல் நோய்க்கு வெப்பமான நாடு நல்லது என்று மருத்துவர்கள் சொன்னதால் வந்தவர்கள். விளம்பரத்தில் இருந்த வெயில் இப்படிச் சிலருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதே விளம்பரத்தில் இருந்த வீடுதான் கிடைக்கத் தாமதமாயிற்று. விடுதியை விட்டு வெளியேறிய பிறகும் பலர் கேரவன் எனப்படும் வண்டி வீடுகளிலும், மனை வாங்கிப் பின்பக்கத்தில் கட்டிய ஒற்றை அறைகளிலும் ஆண்டுகளைக் கழித்தார்கள்.

ஆண்களின் நிலையைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தில் இரவு உணவுக்குப் பிறகு மனைவியுடன் பக்கத்துத் தெரு மதுக்கடைக்குப் போய், அரட்டையடித்துவிட்டு வருவது ஒரு தொழிலாளியின் சமூக வாழ்க்கையாக இருந்தது. இங்கே மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டன. நியூ சவுத் வேல்ஸில் 1955 வரை, விக்டோரியாவில் 1966 வரை, எங்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967 வரை இதுவே சட்டம். ஐந்து மணிக்கு ஆலை விட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் நின்றபடியே குடித்துவிட்டு ஓட வேண்டும். அங்கே பெண்களுக்கு இடமும் இல்லை. மாலைப் பொழுதில் நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி இப்படி அடைபட்டது. குடிப்பழக்கத்துக்காக நான் வாதாடவில்லை. மனிதர்கள் ஓர் ஊரில் வேர்பிடிக்க மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

கொழும்புத்துறை எழுதியது:

குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் குறை யாருடைய காதில் விழுந்தது என்று கேட்கிறேன். பிரித்தானியரின் முறையீடு லண்டன் செய்தித்தாள்களில் அச்சாயிற்று. அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. முகாமிலிருந்த உக்ரைனியரின் முறையீட்டை யார் அச்சிட்டார்கள்? நன்றி மறந்த செயல் என்ற என் தொடரின் கடுமை சிலரை வருத்தியிருக்கலாம். ஆனால் அதன் உட்பொருளில் நான் நிற்கிறேன்: தங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர்களின் நிலையைப் பார்த்த பிறகும், நாங்கள்தான் ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னவர்கள் சலுகையையே உரிமையாகக் கருதினார்கள்.

மருதநிலம் எழுதியது:

அந்தச் சலுகை முதுமை வரை தொடரவில்லை என்பதையும் இருவரும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பல ஆண்டுகள் வேலை செய்து காப்புநிதி கட்டிவிட்டு வந்தவர்களுக்கு, அந்நாட்டு ஓய்வூதியம் முதலில் வழங்கப்பட்ட தொகையிலேயே உறைந்து நிற்கிறது. அமெரிக்காவில் குடியேறியவருக்கு ஆண்டுதோறும் உயர்த்திக் கொடுக்கும் பிரித்தானிய அரசு, ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருப்பவருக்கு உயர்த்துவதில்லை. இதை எதிர்த்து ஆஸ்திரேலிய அரசு 2001இல் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையையே முறித்துக்கொண்டது. அப்படியும் ஒன்றும் மாறவில்லை. கப்பலில் அனுப்பிவைத்த அரசு அவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டது என்றுதான் என் மூதாட்டிகள் உணர்கிறார்கள்.

பராமரிப்பிலும் இதே நிலைதான். இத்தாலியருக்கும் கிரேக்கருக்கும் அவரவர் மொழியும் உணவும் வழிபாடும் கிடைக்கும் முதியோர் இல்லங்கள் இந்நாட்டில் உள்ளன, அவை அவசியமானவை. ஆங்கிலேய மூதாட்டியைச் சேர்க்கும்போது நிரப்பும் படிவத்தில், பண்பாட்டுத் தேவை என்ற கட்டத்துக்கு எதிரே, பெரும்பாலும் யாரும் எதையும் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். நினைவு மங்கிய நிலையில் அவர் திரும்பிப் போகும் ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே டிசம்பரில் குளிர் அடிக்கும், மாலை நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டும் என்பது அந்தப் படிவத்தில் இல்லை. நான் சேர்க்கும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதிவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். மற்ற இடங்களில் வேலை செய்யும் நம்மவர்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.