தொடுத்தளத்தல்: மூன்றாம் வகுப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே அலகைத் திரும்பத் திரும்ப வைத்து நீளத்தை அளப்பதை ஆங்கிலத்தில் 'யூனிட் இட்டரேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் மடற்குழுவில் பேசிவருகிறோம். ஐயா முன்வைத்த 'அலகு மறுசெய்கை', அதற்கு மாற்றாகச் சகோதரி எழுதிய 'மீள்வைப்பு' இரண்டையும் ஒரு வாரமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இராயபுரத்துப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுப்பவள் நான். ஆசிரியர் கையேட்டோடு நின்றுவிடும் சொல் என்றால் மறுசெய்கையே போதும். பிள்ளைகள் வாயில் ஏற வேண்டிய சொல் இது என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி கொடுத்து, பெஞ்சு எத்தனை தீப்பெட்டி நீளம் என்று பார்க்கச் சொன்னேன். நிறையப் பெட்டி கொடுத்தால் வரிசையாக வைத்து எண்ணிவிடுவார்கள். ஒன்றே ஒன்று இருந்தால்தான் எடுத்து எடுத்து வைக்க வேண்டிவரும். என் கணக்குப்படி 36 வர வேண்டும். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் 36 வந்தது. பலருக்கு 30, 31. ஒரு பையனுக்கு 41.

30 வந்தவர்களைத் திரும்ப அளக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி முடிகிற இடத்தில் அடையாளத்துக்கு ஆள்காட்டி விரலை வைக்கிறார்கள். பெட்டியை எடுத்து விரலுக்கு அந்தப் பக்கம் வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விரலின் அகலம், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், கணக்கில் சேராமல் நடுவில் விழுந்துவிடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் பெட்டி அவர்கள் கையில் ஆறு சென்டிமீட்டர் ஆகிவிட்டது. 180 சென்டிமீட்டர் பெஞ்சு 36இலிருந்து 30க்கு இறங்கியது அதனால்தான். 41 வந்த பையன் அவசரத்தில் முந்தின இடத்தின் மேலேயே கொஞ்சம் ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

இவர்கள் எல்லோருமே மறுசெய்கை செய்தவர்கள்தான். அதே பெட்டியைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். பிழை நடந்த இடம் ஒரு வைப்புக்கும் அடுத்த வைப்புக்கும் நடுவில். இடைவெளி விழக்கூடாது, மேலே ஏறக்கூடாது என்ற அந்த நிபந்தனைதான் இந்தக் கருத்தின் உயிர். 'மறு', 'மீள்' இரண்டும் அதைச் சொல்வதில்லை.

சென்ற மடலில் ஒருவர் 'அலகடுக்கு' என்று எழுதியிருந்தார். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பிள்ளைகள் மேல்வகுப்பில் அடுக்கு என்றால் இரண்டின் அடுக்கு மூன்று என்று படிக்கப் போகிறார்கள். 'மடக்கு' என்றால் பின்னால் மடக்கை (லாகரிதம்) வந்து நிற்கும். தவிர, பிள்ளைகள் தாளை மடக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த இரண்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நம் மரபில் அளவை நான்கு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். நான்குமே கை செய்யும் வேலையின் பெயர்கள். தராசைத் தூக்குவது எடுத்தல், படியால் மொள்ளுவது முகத்தல். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, எண்ணுவதையும் ஓர் அளவையாகவே முன்னோர் வைத்திருப்பது. நாம் பெருக்கலை ஒரு பாடத்தில் முடித்துவிட்டு, அளவைக்குச் சில வாரம் கழித்து வருகிறோம். அதற்குள் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டு உறவில்லாதவை ஆகிவிடுகின்றன. எட்டு ஆழாக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்று சொன்ன பாட்டிக்கு எட்டாம் வாய்ப்பாடும் அரிசி அளப்பதும் ஒரே வேலை.

என் பரிந்துரை: தொடுத்தளத்தல். 'தொடுத்து அள' என்று ஏவலாகவும் சொல்லலாம். தொடுப்பதில் ஒன்றை அடுத்து ஒன்று நெருங்கி நிற்கிறது. இடைவெளி விட்டால் அது சரம் ஆகாது. 'தொடு' என்ற பகுதியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முன் பெட்டி முடிந்த இடத்தை அடுத்த பெட்டி தொட வேண்டும் என்று விளக்கினால் கை தானாகப் பின்தொடர்கிறது.

ஒரு தடை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எங்கள் பக்கம் பூவைத் தொடுப்பதில்லை, கட்டுகிறார்கள். 'பூ கட்றது' என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். 'கட்டியளத்தல்' என்று வைத்துப் பார்த்தேன். மூட்டை கட்டுவது போல் பொருள் போகிறது. ஆகவே தொடுத்தல் என்ற சொல்லை ஒரு நாள் செலவழித்துக் கற்றுக்கொடுத்தேன். வாசலில் பூ விற்கும் அம்மா முழம் போடுவதைப் பார்த்துவரச் சொன்னேன். முழங்கை முட்டியிலிருந்து விரல் நுனி வரை ஒன்று, அந்த நுனி இருந்த இடத்திலிருந்து அடுத்தது. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண்குழந்தை, அவள் அப்பா கயிற்றைப் பாகம் பாகமாக அளப்பார் என்று இரு கையையும் விரித்துக் காட்டினாள். இடது கை பிடித்த இடத்துக்கு அடுத்து வலது கை எங்கே வரும் என்று கேட்டதற்கு, "அதே எடத்துல மிஸ், தள்ளி புடிச்சா கயிறு ஏமாத்திடும்" என்றாள். அன்று எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு முறை வைப்பதற்கும் தனிப்பெயர் வேண்டுமா என்று சகோதரி கேட்டிருந்தார். அதற்கு 'வைப்பு' போதும், 'மீள்' வேண்டாம். "எத்தனை வைப்பு வந்தது?" என்றால் பிள்ளைகள் "முப்பத்தாறு வைப்பு" என்கிறார்கள். பெருக்கல் இங்கேதான் உள்ளே வருகிறது. ஒரு வைப்பு ஐந்து சென்டிமீட்டர். இரண்டு வைப்பு ஈரைந்து பத்து, மூன்று வைப்பு மூவைந்து பதினைந்து. வாய்ப்பாடு பெஞ்சின் மேல் நடந்துபோகிறது. பெட்டியை நிமிர்த்திக் குறுகிய பக்கத்தால் அளந்தால் வைப்பு கூடுகிறது, பெஞ்சு நீளவில்லை. இதை ஒப்புக்கொள்ளச் சில பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஆனது.

ஸ்கேலில் 2இலிருந்து 9 வரை பென்சிலை வைத்தால் நீளம் 9 என்று சொல்லும் பழைய பிழைக்கும் இதுவே மருந்து. கோடுகளை எண்ணாதே, கோடுகளுக்கு நடுவில் உள்ள வைப்புகளை எண்ணு என்று சொல்ல இப்போது ஒரு சொல் கையில் இருக்கிறது.

இவ்வளவு எளிய செயலுக்குக் கலைச்சொல் எதற்கு என்று கேட்டவருக்கு: 1802இல் நம் ஊரின் தென்பக்கம், பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் நில அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் நேர்கோடு, போட்டார். ஏறக்குறைய ஏழரை மைல். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. அதை நானூறு தடவை போலத் தொடுத்தளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வைப்பிலும் ஒரு விரலகலம் விட்டிருந்தால் கடைசியில் பதின்மூன்று அடி தவறியிருக்கும். பின்னால் இந்தியா முழுவதும் விரிந்த முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது.

கணினித் துறையில் இட்டரேஷன் மறுசெய்கையாகவே இருக்கட்டும், ஐயா. அங்கே இடைவெளி, மேலேற்றம் என்ற கேள்வியே இல்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல் என்பதை நான் ஏற்கவில்லை.

பரப்பளவுக்கு இன்னும் வழி தெரியவில்லை. தரையில் வரிசைக்கு ஒன்பது ஓடு, ஆறு வரிசை, 54 என்று எண்ணும்போது தொடுத்தல் பொருந்தாது. சரம் ஒரே திசையில்தான் போகும். தரையில் ஓடு பரப்புவதற்குப் 'பாவுதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் 'பாவியளத்தல்' என்று வகுப்பில் சொல்ல முடியாது. 'பாவளத்தல்' சரியாக வருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் தரை ஓடுகளை எண்ணப் போகிறோம், அதற்குள் கிடைத்தால் நல்லது.